பிசுக்குக்கு மாமன் குரல்

விளாங்குடி, மதுரை
8 ஜூலை 2024

தம்பி அழகுராஜா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. ஐந்து வருஷமாக நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. போனில் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய், அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். உன் கம்பெனி முகவரி எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. படத்தின் கடைசியில் ஓடுகிறது.

ஆமாம், உன் படம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. கீழக்குயில்குடிப் பக்கம் நான் வேலை பார்க்கிற தொடக்கப் பள்ளிக்கு ஏதோ ஓர் அறக்கட்டளைக்காரர்கள் வந்து, டிவியில் கைகழுவும் கார்ட்டூன் ஒன்றைப் போட்டார்கள். வழக்கமான சங்கதிதானே என்று நான் பின்னால் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மல்லி என்று ஒரு சின்னப் பெண். மண்ணில் விளையாடிவிட்டு அப்படியே சோற்றில் கை வைக்கப் போகிறாள். படம் அவள் உள்ளங்கைக்குள் இறங்குகிறது. ரேகைகள் எல்லாம் வாய்க்கால் அளவுக்குப் பெரிசாகின்றன. அந்த வாய்க்கால் கரையில் பச்சையாக, உருண்டைக் கண்ணோடு ஒன்று உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு, "ஆத்தாடி, வந்துட்டாளா! இன்னைக்கு வயித்துக்குள்ள நமக்கு விருந்துதான்" என்கிறது.

எனக்குப் பேனா ஓடவில்லை. அது உன் குரல். நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பச்சைப் பயலுக்குப் பெயர் பிசுக்காம். கடைசியில் மல்லி சோப்புப் போடுகிறாள், நுரை திரண்டு வருகிறது, பிசுக்கு நுரையில் வழுக்கிக்கொண்டு "போறேன் தாயி, போறேன்" என்று வாஷ்பேசின் ஓட்டைக்குள் போய்விடுகிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. படம் முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் அவரவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அருண்பாண்டி என்று ஒருத்தன், ஒரு நிமிஷம் சும்மா இருக்கமாட்டான். அவன் கையை முகத்தருகே கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக "இருக்கியா?" என்று கேட்டான். சமணர் மலைக்குக் கூட்டிப்போய்ப் பாறையில் செதுக்கிய உருவங்களைக் காட்டியபோதுகூட இந்தப் பிள்ளைகள் இப்படி வாயடைத்துப் போனதில்லை. நான் வருஷக்கணக்காகத் தொண்டை வறளச் சொல்லி நடக்காதது, மத்தியானம் குழாயடியில் நடந்தது. சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே வரிசை கட்டி நின்றார்கள்.

ஒரு குறை சொல்கிறேன். எல்லோரும் சோத்துக்கையை மட்டும்தான் கழுவினார்கள். இடது கையையும் கழுவுங்கடா என்றால், பீச்சாங்கையால் யார் டீச்சர் சாப்பிடுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். அதைப் படத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. அது படத்தைப் பற்றியதல்ல. என் மகள் காதுகுத்துக்கு மடி கொடுக்க வேண்டிய தாய்மாமன் நீ. நீ வராததால் விருமாண்டி சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினோம். வந்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்கள். அக்கா வீட்டைக் கைகழுவிவிட்டுப் போனவன், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கை கழுவச் சொல்லிக்கொடுக்கிறாய். நல்ல கூத்து.

இன்னமும் உனக்கு அக்காதான்,
தமிழ்ச்செல்வி


திருவனந்தபுரம்
17 ஜூலை 2024

அக்கா,

சிவப்பு மையில் மார்க் போட்டு அனுப்பாமல் விட்டதற்கு நன்றி. கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் இம்பொசிஷன் எழுதச் சொல்லப்போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

காதுகுத்தை நீ எடுத்ததால் நானும் எடுக்கிறேன். பத்திரிகையைப் படம் பிடித்து, ஊருக்கெல்லாம் தட்டிவிட்டது மாதிரி எனக்கும் வாட்ஸப்பில் தட்டிவிட்டாய். தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் வந்து அழைக்க வேண்டும் என்பது நானாகக் கண்டுபிடித்த முறையா? அழையா விருந்தாளியாக வந்து மடி கொடுக்க எனக்கு மனசில்லை. இதற்குமேல் இதைப் பேசினால் இந்தக் காகிதத்தையும் கிழித்துப்போடுவேன், அதனால் விட்டுவிடுகிறேன்.

குரல் கதையைக் கேள். பிசுக்குக்குப் பேச ஒருவரை வரவழைத்தோம். அவர் சினிமா வில்லன் கணக்காக உறுமினார். போட்டுக் காட்டிய இடத்தில் இரண்டு குழந்தைகள் அழுதுவிட்டன. மாதிரிக்காக நான் முன்னால் பேசிவைத்திருந்த குரலைக் கேட்டுவிட்டு, என்னோடு வேலை பார்க்கிற ஜானு இதுவே இருக்கட்டும் என்றாள். மதுரைப் பேச்சில் கிருமிகூட நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறதாம். அதில்தான் எனக்கும் நம்பிக்கை. பயமுறுத்தினால் அன்றைக்குக் கழுவுவார்கள், சிரிக்கவைத்தால் நாளைக்கும் கழுவுவார்கள்.

நுரைதான் என் உயிரை எடுத்தது. வாஷ்பேசின் முன்னால் நின்று கையெல்லாம் சோப்பாக்கி, அதை வீடியோ எடுத்து, ஒவ்வொரு குமிழாகப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஒரு குமிழுக்குள் ஜன்னல் தெரியும், ஜன்னலுக்குள் வானம் தெரியும், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிடும். முப்பது வயசு வரைக்கும் தினம் கை கழுவியிருக்கிறேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பையன் "இருக்கியா?" என்று கேட்டானே, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வேலையே செய்யவில்லை. மேசையில் உட்கார்ந்து கோடு கோடாக நான் இழுத்த ஒன்றைப் பார்த்து, எங்கோ ஒரு பிள்ளை இருக்கியா என்று கேட்கிறது. சந்தோஷம் பாதி, பயம் பாதியாக இருக்கிறது அக்கா.

பீச்சாங்கை விஷயம் என் தப்புதான். அடுத்த படத்தில் சேர்க்கிறேன்.

உன் வீட்டில் இருப்பவள் முதல் வகுப்புக்கு வந்திருப்பாளே. அவள் பார்த்தாளா?

அழகுராஜா


விளாங்குடி
2 ஆகஸ்ட் 2024

தம்பி,

வீட்டில் இருப்பவளுக்கு அஸ்வினி என்று பெயர். பெயர் வைத்த அன்றைக்கு நீயும்தான் இருந்தாய். என் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். முதல் நாளே முதல் வரிசையில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, இது யார் குரல் தெரியுமா, உன் மாமன் குரல் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் போனில் அதைப் போடச் சொல்லி ஒரே அழிச்சாட்டியம். நீ பேசுகிற இடம் வந்தால் இமைகூட அசையாது.

அதெல்லாம் சரி. இப்போது அவள் கை கழுவமாட்டேன் என்கிறாள்.

உன் படம் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கழுவுகின்றன, என் பிள்ளை மட்டும் கழுவவில்லை. குழாயடி வரிசையில் நிற்கிறாள், முறை வந்ததும் விரல் நுனியை மட்டும் நனைத்துவிட்டு ஓடிவிடுகிறாள். வலது உள்ளங்கையைப் பொத்தியே வைத்திருக்கிறாள். தூங்கும்போதுகூடப் பொத்தித்தான் இருக்கிறது. சில நேரம் அந்தக் கையைக் காதில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஏதோ பேசுகிறாள். இழுத்துப் பிடித்துக் கழுவப் போனால் தெருவே கூடுகிற மாதிரி கத்துகிறாள். நேற்று இரண்டு அடியும் வைத்தேன். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள், என் பிள்ளை அழுக்கு என்று ஆகிவிட்டது.

எல்லாம் நீ வைத்த கண்ணால் வந்த வினை. கிருமிக்கு எதற்கு அம்புட்டு அழகான கண்? கொல்ல மனசு வராமல்தான் பிள்ளை இப்படிப் பொத்தி வைத்திருக்கிறது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டு வேறு படம் அனுப்பு.

தமிழ்ச்செல்வி


திருவனந்தபுரம்
10 ஆகஸ்ட் 2024

அக்கா,

கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுத்தால் அது பிசுக்கு இல்லை, வெறும் கறை. கறையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எழுந்து குழாயடிக்குப் போகாது. உன் வகுப்பில் நடந்ததை நீயே எழுதியிருக்கிறாய்.

பிள்ளையை அடித்தாயா? அடித்துவிட்டுப் படத்தின் மேல் பழி போடுகிறாய். உள்ளங்கையோடு என்ன பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை அவளிடம் கேட்டாயா? கேட்கமாட்டாய். கேட்காமலே தீர்ப்புச் சொல்வதுதானே உன் வழக்கம். என்னிடமும் நீ கேட்கவில்லை, ஏன்டா வரவில்லை என்று.

இதற்குமேல் எழுதினால் வேறு மாதிரிப் போய்விடும்.

அழகு


மதுரை
24 ஆகஸ்ட் 2024

தம்பி,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் இதைப் படித்துவிடு: அஸ்வினி இப்போது நன்றாக இருக்கிறாள். கஞ்சி குடித்தாள். நாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலேயே வாந்தி எடுத்தாள். சாயங்காலத்துக்குள் வயிறு போக ஆரம்பித்து நிற்கவே இல்லை. கண் உள்ளே போய்விட்டது, உதடு காய்ந்துவிட்டது, கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை கை கழுவுமா என்று கேட்டார். டீச்சர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மச்சான், மாப்ளயக் கூப்பிடு, போன் போடு என்று நச்சரித்தார். நான்தான் வேண்டாம் என்றேன். பயத்தில் ஓடிவந்தால் பயம் தெளிந்ததும் போய்விடுவாய்.

நேற்று நர்ஸ் ஈரத்துணியும் சோப்புமாக வந்தார். தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை, ஆனால் வலது கையை மட்டும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். நீ எழுதியது நினைவுக்கு வந்தது. நர்ஸை அனுப்பிவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கைக்குள்ள யாரும்மா இருக்கா என்று கேட்டேன்.

"மாமா."

அது பிசுக்கு தங்கம், கிருமி என்றேன். மாமா குரல்தானே பேசுகிறது என்றாள். அப்புறம் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"நீதானம்மா அப்பாட்ட சொன்ன, கைகழுவியாச்சு, மாமா இனி வரமாட்டாருன்னு. நான் மாமாவக் கைகழுவல."

நான் சொன்னதுதான். உன் முதல் கடிதம் வந்த அன்றைக்கு, ஆத்திரத்தில் உன் மச்சானிடம் சொன்னேன், அவன் நம்மளக் கைகழுவியாச்சு, இனி வரமாட்டான் என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்திலும் கை கழுவியதும் உன் குரல் போறேன் போறேன் என்று ஓட்டைக்குள் போகிறது. பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

தம்பி, இந்தப் பிள்ளை உன்னைப் பார்த்த ஞாபகமே இல்லாத பிள்ளை. நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு சொல்லையும், நீ விளையாட்டாகக் கொடுத்த ஒரு குரலையும் முடிச்சுப் போட்டு, இத்தனை நாள் உன்னை உள்ளங்கையில் வைத்துக் காத்திருக்கிறது. அடித்தும் திறக்கவில்லை, உயிர் போகிற நேரத்திலும் திறக்கவில்லை. அந்தச் சின்னக் கை கட்டிலில் கிடந்தது, எனக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. கோயிலில் நிற்கிற மாதிரி நின்றேன்.

கைகழுவுவது என்றால் இப்படியும் ஓர் அர்த்தம் உண்டு, அது வேறு இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தானே சோறு தின்கிறேன். நன்றாகத் தலையை ஆட்டுகிறாள், கையை மட்டும் திறக்கவில்லை. என்னால் ஆகாது.

தட்டும் வெற்றிலையும் வைத்து அழைக்க எனக்கு இப்போது வழியில்லை. இந்தக் காகிதம்தான். யோசித்துப் பார்த்து வருவதானால் வா.

அக்கா


திருவனந்தபுரம்
2 செப்டம்பர் 2024

அக்கா,

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டு, உன்னோடு ஒழுங்காக நாலு வார்த்தை பேசவில்லை. நீ சமையலறையிலேயே நின்றாய், நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மச்சான் இரண்டு பக்கமும் காபி சுமந்தார். ஆனால் நீ பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தபோது வாஷ்பேசின் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அவள் என்னிடம் வரவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பொத்திய கையைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் வந்து, "பேசுங்க" என்றாள். பிசுக்குக் குரலில் "ஆத்தாடி, வந்துட்டாளா" என்றேன். கையைக் காதில் வைத்துக் கேட்டாள். என் வாயைப் பார்த்தாள். இன்னொரு தடவை பேசச் சொன்னாள். இரண்டு இடத்தில் ஒரே ஆள் எப்படி இருக்க முடியும் என்பது அவள் கவலை.

அப்படியே என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டூலை நகர்த்திப்போட்டு ஏறினாள். குழாயைத் திறந்து, இடது கையால் சோப்பை எடுத்து என் கையில் தேய்க்க ஆரம்பித்தாள். தன் கையில் இல்லை அக்கா, என் கையில். பொத்திய கையை மார்போடு வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தேய்த்தாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. நான் படத்தில் வைத்த அதே வரிசை, ஒன்றுகூட மாறவில்லை. ஒவ்வொன்றையும் தேய்த்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இருக்கிறேனா என்று பார்க்கிறாள். அது எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டேன். பிறகு இன்னொரு கையையும் நீட்டச் சொன்னாள். நான் படத்தில் விட்ட பீச்சாங்கையையும் அவள் விடவில்லை.

நான் எத்தனையோ படம் செய்திருக்கிறேன். யாராவது இம்புட்டு கவனமாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் பேனாவையே தொட்டிருக்கமாட்டேன்.

அப்புறம் நான் செய்ததுதான் வினை. சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கிப்போனாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று மச்சான் வண்டியை எடுத்தார். எழுப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை, நைசாகக் கிளம்பிவிட்டேன். ரயில் திருப்பரங்குன்றத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அவள் கழுவிப் பார்த்தாள், கண் விழித்தால் ஆள் இல்லை. அவள் பயந்தது எதுவோ அதையே செய்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பிசுக்குக்கு ஜானுவையே புதிதாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். என் குரலை எடுத்துவிடலாம்.

போன் செய்யலாம், உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்தால் பதில் உடனே வந்துவிடும், அதுதான் பயம். எழுது அக்கா. கையைத் திறந்தாளா?

அழகு


விளாங்குடி
7 செப்டம்பர் 2024

தம்பி,

ஜானுவை வேலையை நிறுத்தச் சொல். உன் குரலே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன், நீயும் கொஞ்சம் தவிக்கலாம்.

கண் விழித்ததும் உன்னைத் தேடினாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள், மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தாள். கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, வாஷ்பேசின் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்கி இறக்கினேன். மாமா ரயிலேறிப் போயிருக்காரு, வேலை இருக்கு என்றேன். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. அழுதாள், மறைக்கப் போவதில்லை, நன்றாகவே அழுதாள். கை பொத்தித்தான் இருந்தது. நான்தான் சோறு ஊட்டினேன். ஊட்டும்போது உன்னை வாயாரத் திட்டினேன், மனசுக்குள்தான். சத்தமாகத் திட்டினால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடித்தது. எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். இவள் தள்ளி நின்றாள். மாமா வந்த கதையையும் அவர் கையைக் கழுவிவிட்ட கதையையும் காலையிலேயே வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள் போலிருக்கிறது. அருண்பாண்டி சோப்புக் கையோடு திரும்பி, "எங்க உங்க மாமா? ஓட்டைக்குள்ள போயிட்டாரா?" என்றான். நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தலாம் என்று எழுந்துவிட்டேன்.

அதற்குள் அஸ்வினி விறுவிறுவென்று நடந்துபோய் அவனைத் தள்ளிவிட்டுக் குழாய்க்கு முன்னால் நின்றாள். பொத்தி வைத்திருந்த கையை விரித்து, அவன் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டு, தண்ணீரில் நீட்டினாள். சோப்பை எடுத்தாள். இரண்டு கையையும் தேய்த்தாள், அவசரமே இல்லாமல், நுரை முழங்கை வரைக்கும் வழிய. தேய்த்துக்கொண்டே அவனுக்குச் சொன்னது சாப்பாட்டுக் கொட்டகை வரைக்கும் கேட்டது.

"அம்புட்டு தேய்ச்சுப் பாத்தேன்டா. எங்க மாமா போகல. ரயிலுதான் கூட்டிட்டுப் போயிருச்சு."

அக்கா